நாலாம் நம்பர் கிடங்கின் சிவப்புக் கோடு

இது நடந்த விஷயம். நம்பாதவர்கள் சுரபாயா துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற அரிசிக் கிடங்குகளுக்குப் போய் கார்சோனோ என்று கேட்டுப் பார்க்கலாம். ஆள் இருக்கிறார். ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராது. அன்றைக்கு அவர் பேயைப் பார்த்துப் பயந்ததைவிடத் தன்னை நினைத்து வெட்கப்பட்டதுதான் அதிகம். பயம் ஒரு மாதத்தில் தெளிந்துவிட்டது. வெட்கம் இன்னும் தெளியவில்லை.

பேய் என்றால் நடுச்சாமம், அமாவாசை, நாய் ஊளை என்று எதிர்பார்க்கிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில், தார் உருகுகிற வெயிலில், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் நடந்தது.

கார்சோனோ நாலாம் நம்பர் கிடங்கின் பொறுப்பாளர். ஐம்பது தாண்டியவர். அவருக்கு எல்லாமே முறையாக இருக்க வேண்டும். மூட்டை சுவரை ஒட்டக் கூடாது. நடுவில் ஒரு ஆள் நுழைகிற சந்து விட வேண்டும். கீழே மரச்சட்டம் போடாமல் தரையில் ஒரு மூட்டைகூட வைக்கக் கூடாது. அடியிலிருந்து உருவக் கூடாது, மேலிருந்துதான் இறக்க வேண்டும். அடுக்குகிறபோது ஐந்து ஐந்தாகப் பூட்டுப் போட வேண்டும். இரண்டு மூட்டை நீளவாக்கில், மூன்று குறுக்குவாக்கில். அடுத்த அடுக்கில் அதையே திருப்பிப் போட வேண்டும். அப்போதுதான் ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு நிற்கும். ஐந்தாவது மூட்டை உட்கார்ந்ததும் மேலே நிற்கிறவன் "பூட்டு!" என்று கத்துவான். அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் கீழே இருந்து அடுத்த மூட்டை ஏறும்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்தச் சிவப்புக் கோடு. சுவரைச் சுற்றிலும் ஒரு சாண் அகலத்துக்கு ஓடும். அதற்கு மேல் மூட்டை போகக் கூடாது. மேலே அடுக்குகிறவன் தன் காலைப் பார்ப்பான். கால் கோட்டுக்கு நேராக வந்துவிட்டால் வேலை முடிந்தது, இறங்கிவிடலாம். திங்கட்கிழமை காலையில் ஆட்களை நிற்க வைத்து கார்சோனோ இதைச் சொல்லாத வாரம் கிடையாது. அவருக்குக் 'கோட்டய்யா' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். முதுகுக்குப் பின்னால்தான். அது அவர் காதிலும் விழுந்தது, உள்ளுக்குள் பெருமையாகவும் இருந்தது.

அந்தக் கோட்டைத்தான் அவர் தன் கையாலேயே மேலே ஏற்றினார்.

கப்பல் வந்துவிட்டது. பக்கத்துக் கிடங்கில் கூரை ஒழுகியது. முதலாளி போனில் கூப்பிட்டார்.

"நாலாம் நம்பர்ல இன்னும் எவ்வளவு புடிக்கும்?"

"கோடு வரைக்கும் வந்துடும் பாக். அதுக்கு மேல முடியாது." அங்கே மரியாதைக்கு 'பாக்' என்பார்கள், நம் ஊர் 'ஐயா' மாதிரி.

"கோடு என்ன, கடவுள் போட்டதா?" முதலாளி சிரித்தார். "பார்த்துச் செய்யுங்க. உங்களுக்குத் தெரியாததா?"

போன் வைக்கப்பட்டது. கோட்டை ஏற்று என்று முதலாளி சொல்லவே இல்லை. பிற்பாடு கார்சோனோ எத்தனையோ முறை அந்தப் பேச்சை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தார், அப்படி ஒரு வார்த்தை அதில் கிடைக்கவில்லை. தப்பை இறக்கி வைக்க இன்னொரு தோள் இல்லாமல் போனது.

வெள்ளிக்கிழமை எல்லோரும் தொழுகைக்குக் கிளம்பும்போது, வயிறு சரியில்லை என்று பொய் சொல்லிவிட்டு அவர் பின்தங்கினார். வாசல் கேட்டுக்கு அடித்து மிஞ்சிய சிவப்பு பெயிண்ட் அரை டப்பா இருந்தது. ஏணியை எடுத்தார். பழைய கோட்டை வெள்ளையடித்து மறைத்தார். மூன்று அடுக்கு உயரம் தள்ளிப் புதுக்கோடு போட்டார். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் உபதேசம் ஓடிக்கொண்டே இருந்தது. கோடு நேராகத்தான் வந்தது.

மறுநாளிலிருந்து ஆட்கள் அடுக்கினார்கள். மேஸ்திரி ஙாட்மின் முப்பத்தைந்து வயது ஆள். வாய் ஓயாது, கையும் ஓயாது. அவன் மேலே நின்று குரல் கொடுத்தான்.

"பாக்! இந்தத் தடவை கூரை ரொம்பக் கிட்ட வந்துடுச்சே? குனிஞ்சுகிட்டுத்தான் நிக்க வேண்டியிருக்கு. குறுக்கே திருப்பிப் போட இடமில்ல."

"கோட்டைப் பாரு."

"கோட்டுக்குக் கீழதான் இருக்கு."

"அப்புறம் என்ன?"

"சரி, கோட்டய்யா சொன்னா சரிதான்!"

எல்லோரும் சிரித்தார்கள். மேல் மூன்று அடுக்குக்கும் பூட்டு விழவில்லை. புது நைலான் சாக்கு வேறு, ஒன்றின் மேல் ஒன்று வழுக்கும். கார்சோனோவுக்கு அது தெரியும். ஙாட்மினுக்கும் உறுத்தியது, ஆனால் அவன் கோட்டை நம்பினான்.

செவ்வாய்க்கிழமை சந்துக்குள் போனபோது வெள்ளைக்கு அடியிலிருந்து பழைய கோடு லேசாக ரோஸ் நிறத்தில் தெரிந்தது. மட்டமான சுண்ணாம்பு, அடி நிறத்தை இழுத்துக்கொண்டது என்று நினைத்து இன்னொரு பூச்சு அடித்தார். புதன்கிழமை அது சிவந்திருந்தது.

வியாழக்கிழமை ஙாட்மின் கேட்டான். "நாங்க காப்பி குடிக்கப் போனப்ப மேல யாரை ஏத்தி விட்டீங்க பாக்?"

"யாரையும் ஏத்தலையே."

"மூட்டை விழுற சத்தம் கேட்டுச்சு."

"எலியா இருக்கும்."

"அம்பது கிலோ எலியா? அதைப் புடிச்சா ஊருக்கே விருந்து வைக்கலாம் பாக்!"

கார்சோனோவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சந்தின் பக்கம் ஒரு முறை பார்த்துக்கொண்டார்.

மறுபடியும் வெள்ளிக்கிழமை வந்தது. போன வாரம் பொய் சொன்னது கோட்டை ஏற்ற. இந்த வாரம் பொய் சொன்னது, அந்த ஆட்களோடு தோளோடு தோள் ஒட்டி வரிசையில் நிற்க முடியாமல்.

"இன்னும் வயிறு சரியாகலையா பாக்?" ஙாட்மின் லுங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டே ஒரு காகிதப் பொட்டலத்தை நீட்டினான். உள்ளே கொய்யா இலை. "கொழுந்தா பார்த்துப் பறிச்சது. கசக்கிக் கொதிக்க வெச்சுக் குடிங்க. உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா எங்களை யாரு திட்டுவா?"

கார்சோனோ பொட்டலத்தை வாங்கிக்கொண்டார். கண்ணை நிமிர்த்தவில்லை.

கிடங்கில் மிஞ்சியது தெரேசியா மட்டும். கிழிந்த சாக்கு தைக்கிறவள், ஃப்ளோரஸ் தீவுக்காரி, கிறிஸ்தவப் பெண். அவளும் பதினொன்றே முக்காலுக்குச் சோறு வாங்கப் போய்விட்டாள். கார்சோனோ வெள்ளை டப்பாவையும் நீளக் கழியில் கட்டிய தூரிகையையும் எடுத்துக்கொண்டு சந்துக்குள் நுழைந்தார். மூன்றாவது முறையாகப் பூசி மறைக்க வேண்டும்.

ஒரு பக்கம் சுவர். ஒரு பக்கம் மூட்டை மலை. நடுவில் பக்கவாட்டில்தான் நகர முடியும். தொழுகை அழைப்பு முடிந்து உபதேசம் தொடங்கியிருந்தது. ஒலிபெருக்கிச் சத்தம் இந்தச் சந்துக்குள் வெறும் முணுமுணுப்பாக வந்தது.

தொப்.

மேலே. மூட்டை விழுகிற சத்தம்.

தொப்... தொப்... தொப்...

நாலு. அத்தோடு நின்றது.

அவர் காத்திருந்தார். அந்த வேலையில் ஊறியவர்களுக்கு அது பழக்கம். நாலு விழுந்தால் காது தானாக ஐந்தாவதுக்குக் காத்திருக்கும். பிறகு அந்தக் கத்தல் வரும். வரவில்லை... ஐந்தாவதும் வரவில்லை.

மறுபடி. தொப்... தொப்... தொப்... தொப்...

நின்றது.

அவர் மணிக்கட்டில் ஏதோ சொட்டியது. குளிர்ச்சியாக. பார்த்தார். சிவப்பு. பெயிண்ட் வாசம் மூக்கில் ஏறியது.

அண்ணாந்து பார்த்தார். பழைய கோடு பளபளவென்று ஈரமாக இருந்தது. இப்போதுதான் அடித்தது போல. கீழ் விளிம்பில் சொட்டுகள் தொங்கின.

டப்பாவைப் போட்டுவிட்டு வந்த வழியே பக்கவாட்டில் நகர்ந்தார். முதுகு மூட்டையில் உரசியது. சட்டை எங்கோ மாட்டிக் கிழிந்தது. வெளியே வந்து, கதவோரம் வந்து, அப்புறம்தான் மேலே பார்த்தார்.

மேலே ஒரு தலை இருந்தது.

சுவர் பக்கம் திரும்பியிருந்தது. தலையில் கொங்காணி. சணல் சாக்கை மடித்துப் போட்ட கொங்காணி. சணல் சாக்கு அந்தக் கிடங்குக்கு வந்தே பல வருஷமாகிறது.

கழுத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. மூட்டைதான் இருந்தது. யாரோ மூட்டை இடுக்கில் விழுந்து மாட்டிக்கொண்டான் என்று கார்சோனோவுக்கு முதலில் தோன்றியது.

"யாருப்பா அது? கையைக் குடு... இரு, வர்றேன்..."

தலை அசைந்தது. கீழே குனிந்தது. காலைத் தேடுகிறவன் போல.

அப்போது அவருக்கு உறைத்தது. அவன் மாட்டிக்கொள்ளவில்லை. நிற்கிறான். மூட்டைகளுக்குள்ளேயே... நிற்கிறான்.

தலை திரும்பியது.

"பாக்... கோடு எங்க?"

வாய் திறந்தபோது அரிசி கொட்டியது. சர... சரவென்று மூட்டைமேல் உருண்டு இறங்குகிற சத்தம் காதில் விழுந்தது. தரையில் ஒரு மணிகூட விழவில்லை.

"கோடு... தெரியல பாக்..."

"யார்கிட்ட பேசுறீங்க?"

கார்சோனோ துள்ளி விழுந்தார். தெரேசியா. கையில் இரண்டு சோற்றுப் பொட்டலம். அவர் பார்த்த இடத்தை அவளும் பார்த்தாள். மேலே மூட்டை மட்டும்தான் இருந்தது.

"யாருமில்ல."

"மூஞ்சியெல்லாம் வெளுத்துக் கெடக்கு." அவள் மூக்கை உறிஞ்சினாள். "என்ன, பெயிண்ட் வாசம் இப்படி அடிக்குது? கையில என்ன பாக், சிவப்பா?"

"மிளகாய்ச் சம்பல்."

"இன்னும் பொட்டலத்தையே பிரிக்கலையே!"

அவர் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார். அந்த ஒரு வாரத்தில் எத்தனையாவது பொய் அது என்று அவருக்கே தெரியாது. தெரேசியா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவருக்கு அதிகமாகச் சுட்டது.

முக்கால் மணி நேரத்தில் ஆட்கள் திரும்பிவிட்டார்கள். லாரி வாசலில் ஹாரன் அடித்தது. தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஙாட்மின் மூட்டைப் படியில் கால் வைத்தான். மேலிருந்து இறக்க வேண்டும். மேலிருந்துதான் இறக்க வேண்டும் என்பது கார்சோனோ கற்றுக்கொடுத்த முறை.

"ஙாட்மின், இன்னிக்கு மேல ஏற வேணாம்."

"ஏன் பாக்?"

ஏழு பேர் அவர் முகத்தைப் பார்த்தார்கள். சொல்லிவிட வேண்டியதுதான். கோட்டை நான் ஏற்றினேன், மேல் மூன்று அடுக்கு பூட்டில்லாமல் நிற்கிறது, இறங்கு. இவ்வளவுதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பதினோரு வருஷம் திங்கட்கிழமை தவறாமல் பேசிய நாக்கு.

"பாம்பு," என்றார். "மேல பாம்பு இருக்கு. பார்த்தேன்."

எல்லோரும் கிடங்கே அதிரச் சிரித்தார்கள்.

"அதான் மூஞ்சி இப்படியா? அட, எனக்குப் பாம்புன்னா பால்யத்துல இருந்தே தோஸ்து!" ஙாட்மின் மூட்டை இழுக்கிற கொக்கியைப் பிடுங்கிக்கொண்டான். "நீங்க எல்லாரும் கீழயே நில்லுங்க. கோட்டய்யாவோட மாப்பிள்ளையை நானே கூட்டிக்கிட்டு வர்றேன்."

அவர் பொய் அவனைத் தடுக்கவில்லை. இன்னும் வேகமாக ஏற்றிவிட்டது.

"ஙாட்மின்... வேணாம்பா..."

அவன் மேலே போய்விட்டான். குனிந்தபடி, கூரைச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மூட்டைமேல் நடந்தான். கொக்கியால் தட்டித் தட்டிப் பார்த்தான்.

"எங்க பாக், எந்தப் பக்கம்?"

அவன் காலடியில் அந்தத் தலை இருந்தது.

கொங்காணித் தலை. அண்ணாந்து ஙாட்மினைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஙாட்மினுக்குத் தெரியவில்லை. அவன் இன்னொரு அடி வைத்தான். ஓர மூட்டை ஒன்று... விரல் அளவு... வெளியே நகர்ந்தது.

தொப்.

மேலே ஒரு மூட்டையும் விழவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. இந்த முறை எல்லோருக்கும் கேட்டது.

"கோட்டை நான்தான் ஏத்தினேன்!"

தன் குரல்தான் என்று கார்சோனோவுக்கே தெரியவில்லை.

"நான்தான்! போன வெள்ளிக்கிழமை, நீங்க தொழுகைக்குப் போனப்ப! மூணு அடுக்கு! பாம்பும் இல்ல ஒண்ணும் இல்ல! என் வயித்துக்கும் ஒண்ணும் இல்ல! இறங்கிடு ஙாட்மின்... உன் கால்ல விழறேன், இறங்கிடு!"

ஙாட்மின் சுவரைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். பிறகு கொக்கியை அங்கேயே வைத்துவிட்டு மெதுவாக, ஒவ்வொரு படியாக இறங்கி வந்தான். நேரே கார்சோனோவிடம் நடந்து வந்து நின்றான். அடிப்பான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

"அந்தக் கொய்யா இலை..." என்றான். குரல் தணிந்திருந்தது. "எங்கம்மா காலையில எழுந்து பறிச்சாங்க. கோட்டய்யாவுக்குன்னு சொன்னதும் கழுவித் துடைச்சுக் குடுத்தாங்க."

அடித்திருந்தால் கார்சோனோ தாங்கியிருப்பார்.

தொப்.

தொப்.

தொப்.

நாலு ஆகிவிட்டது என்று அவர் மனசு சொன்னது. ஐந்தாவதாக வந்தது மூட்டைச் சத்தம் இல்லை. மலை முழுவதும் ஒரே மூச்சாக வந்தது. பூமி அதிர்ந்தது. தூசி கதவு வழியாகத் தெருவரைக்கும் போனது. தெரேசியா அலறியது அவருக்குக் கேட்கவே இல்லை, வாய் திறந்திருந்தது மட்டும் தெரிந்தது. ஙாட்மின் ஏறிய படி, அவன் நின்ற இடம், கொக்கி, எதுவும் மிஞ்சவில்லை. கடைசி மூட்டை உருண்டு வந்து ஆட்களின் காலுக்கு நாலு அடி தள்ளி நின்றது.

ஒருவருக்கும் கீறல் இல்லை. அதற்காக ஒருவரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. அன்று மாலையே முதலாளியிடமும், அப்புறம் விசாரிக்க வந்தவர்களிடமும் தான் செய்ததை ஒளிக்காமல் சொன்னார். சாவியை வாங்கிக்கொண்டு வாசல் காவலுக்கு மாற்றினார்கள். இப்போதும் ஆட்கள் அவரைத் தாண்டித்தான் உள்ளே போகிறார்கள். கோட்டய்யா என்று யாரும் கூப்பிடுவதில்லை. முதுகுக்குப் பின்னால்கூட இல்லை. அதுதான் அவரை அரிக்கிறது.

இத்தோடு முடிந்திருந்தால் இதைக் கதையாக எழுத வேண்டியதே இல்லை.

மூட்டைகளை அள்ளிக் கிடங்கைக் காலி செய்தபோது, சரிந்த வேகத்தில் சுவர்ச் சுண்ணாம்பு பட்டை பட்டையாக உரிந்திருந்தது. ஙாட்மின்தான் ஆள் அனுப்பி அவரைக் கூப்பிட்டான். முகத்தைப் பார்க்காமல் சுவரைக் காட்டினான்.

மேலே கார்சோனோ போட்ட கோடு. அதற்கு மூன்று அடுக்கு கீழே, அவர் பதினோரு வருஷம் காத்த கோடு. அதற்கு இரண்டு அடுக்கு கீழே, சுண்ணாம்புக்கு அடியில், இன்னொரு சிவப்புக் கோடு. அதற்கும் இரண்டு அடுக்கு கீழே இன்னொன்று.

அவர் அண்ணாந்து பார்த்தபடியே நின்றார். அன்றைக்கே ஒரு கணக்கு அவருக்கு உதைத்தது. தான் ஏற்றியது மூன்று அடுக்குதான். பழைய கோட்டில் நிற்கிறவனுக்கு மூட்டை முழங்காலைத் தாண்டி வரும், அவ்வளவுதான். ஆனால் அன்று பார்த்த கொங்காணிக்காரன் கழுத்துவரை புதைந்திருந்தான். ஏழு அடுக்கு. அந்தக் கடைசிக் கோட்டில் கால் வைத்து நின்றால்... சரியாகக் கழுத்து.

தான் உயிராக மதித்த கோடே வேறு எவனோ ஏற்றி வைத்த பொய். அதன் கீழே நின்றுதான் அத்தனை திங்கட்கிழமையும் மூச்சுப் பிடித்துப் பேசியிருக்கிறார். அவருக்கு உடம்பு கூசியது.

அந்தக் கிடங்கில் ஆள் யாராவது செத்தானா என்று விசாரித்துப் பார்த்தார். அப்படி ஒன்று நடந்ததாகச் சொல்ல ஒருவரும் இல்லை. கடைசியாக, தனக்கு முன்னால் பொறுப்பிலிருந்த பாக் திர்தோவைத் தேடி லாமோங்கான் என்கிற ஊருக்கே போனார். ஹஜ் போய் வந்தவர், ஊரில் நல்ல மரியாதை. வாசலில் உட்கார்ந்து புறாவுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கார்சோனோவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

கார்சோனோ சுற்றி வளைக்கவில்லை. "நான் கோட்டை ஏத்திட்டேன் பாக்," என்றார்.

திர்தோவின் கை தீனிக் கிண்ணத்திலேயே நின்றது. முகத்திலிருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. உள்ளே மனைவி இருக்கிறாளா என்று ஒரு முறை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"முதல் தடவை முட்டிக்கு மேல தெரிஞ்சான்," என்றார் மிகத் தாழ்ந்த குரலில். "நான் யார்கிட்டயும் சொல்லல. ரெண்டாவது தடவை ஏத்தினப்ப... இடுப்புக்கு மேல." தலையை நிமிர்த்தாமலே கேட்டார். "உன்கிட்ட எதுவரைக்கும் தெரிஞ்சான்?"

கார்சோனோ தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

கிழவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். உள்ளே போய்க் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் நின்றார்.

"அப்ப அடுத்தவனுக்கு," என்றார், "கேக்குறதுக்கு வாய்கூட வெளியில இருக்காது."

கதவு சாத்தப்பட்டது.